மடக்குக் கத்தியும் மனித மனமும்

கத்தி என்ற சொல் காதில் விழுந்தவுடன் நம்மில் பலருக்கும் நினைவில் எழுவது குருதிதான். நாளிதழும் திரைப்படமும் நம்மை அவ்வாறு பழக்கிவிட்டன. சமையலறையில் இருக்கும் கத்தியைக் கண்டு ஒருவரும் அஞ்சுவதில்லை. நாவிதர் கையில் இருக்கும் சவரக் கத்திக்குக் கண்ணை மூடிக்கொண்டு கழுத்தை நீட்டுகிறோம். ஆனால் பக்கத்து இருக்கையில் அமர்ந்திருக்கும் அமைதியான மனிதர் ஒருவர், தம் சட்டைப்பையிலிருந்து மூன்றங்குல மடக்குக் கத்தியை எடுத்து விரித்தால், ஒரு கணம் நம் பேச்சு நின்றுவிடுகிறது. அவர் நறுக்கப் போவது கொய்யாப்பழத்தைத்தான். இருந்தும் நின்றுவிடுகிறது.

அந்த ஒரு கணத்தைப் பற்றி நான் பல நாள் எண்ணிப் பார்த்ததுண்டு. ஏனெனில் கத்தியை எடுப்பவன் பெரும்பாலும் நானாகவே இருந்திருக்கிறேன். இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பேனாக்கத்தி ஒன்றை நாள்தோறும் சுமந்து, கல்கத்தாவின் டிராமிலும் பேருந்திலும் மெட்ரோவிலும் அலுவலகம் சென்று வருபவன் நான். பிறர் நடுவே ஒரு கூர்மையைச் சுமந்து நடப்பவன், 'இது எதற்கு?' என்ற வினாவுக்கு விடை சொல்லக் கடமைப்பட்டவன் அல்லவா? அவ்விடை கத்தியில் இருக்கிறதா, சுமப்பவன் மனத்தில் இருக்கிறதா?

முதலில் ஒரு செய்தி. இந்தக் கருவி போர்வீரனுக்கு உரியதன்று, எழுதுகிறவனுக்கு உரியது. 'பேனா' என்ற சொல்லையே நாம் போர்த்துக்கேசியரிடமிருந்து பெற்றோம். அவர்கள் மொழியில் அதற்கு இறகு என்பது பொருள். இறகின் அடியைச் சீவி மையில் தோய்த்து எழுதிய காலத்தில், சில பக்கம் எழுதுவதற்குள் முனை மழுங்கிவிடும். மீண்டும் சீவ வேண்டும். அதற்காகவே பையில் மடித்து வைத்துக்கொள்ளும் சிறு கத்தி தோன்றிற்று. நம் நகரத்து டல்ஹவுசி சதுக்கத்தில் (இப்போது பி.பா.தீ. பாக்) நிற்கும் ரைட்டர்ஸ் கட்டடத்தை எண்ணிப் பாருங்கள். 1777ஆம் ஆண்டில் தாமஸ் லயன் என்பவர் அதை அமைக்கத் தொடங்கியது, கிழக்கிந்தியக் கம்பெனியின் இளநிலை எழுத்தர்களுக்காக. ஆட்சியைப் பிற்பாடு நடத்தியவர்கள் யாராயிருந்தாலும், அக்கட்டடத்தின் பெயர் எழுத்தரின் பெயர்தான்! இறகைச் சீவும் கத்தி இல்லாத எழுத்தர் அன்று அங்கே ஒரு நாள்கூட வேலை பார்த்திருக்க முடியாது.

கம்பெனிக்காரன் வருவதற்கு முன்னமே தமிழனிடம் இக்கருவி இருந்தது என்பதை நம் பிள்ளைகள் அறிந்திருக்க மாட்டார்கள். ஏட்டில் எழுதும் எழுத்தாணிகளில் ஒரு வகைக்கு மடக்கெழுத்தாணி என்று பெயர். டாக்டர் உ. வே. சாமிநாதையர் அதைத் தம் எழுத்துகளில் விளக்கியிருக்கிறார். அதற்கு மரத்தாலோ தந்தத்தாலோ மாட்டுக் கொம்பாலோ ஆன பிடி உண்டு. ஒரு பக்கம் எழுத்தாணி. மறு பக்கம் பனையோலையை வாரிச் செப்பம் செய்வதற்கு ஒரு கத்தி. இரண்டையும் மடக்கிப் பிடிக்குள் அடக்கிவிடலாம். எழுதும் முனையும் வெட்டும் முனையும் ஒரே பிடிக்குள் உறங்குகின்றன. புலவர்கள் இதை உடன் கொண்டு திரிந்தார்கள். அதைக் கண்டு எவரும் அஞ்சியதாகத் தெரியவில்லை. ஆகவே மைய அரசின் அலுவலகம் ஒன்றில் எழுத்தராக இருக்கும் நான் சட்டைப்பையில் கத்தி வைத்திருப்பதை, இரு வழியிலும் வந்த முதுசொம் என்றே கருதுகிறேன்.

'இப்போதுதான் கோப்புகள் எல்லாம் கணினிக்குள் போய்விட்டனவே, இனி உமக்குக் கத்தி எதற்கு?' என்று நண்பர்கள் நகைக்கிறார்கள். கோப்பு போனாலும் சணல் கயிறு போகவில்லை. அரக்கு முத்திரையிட்ட உறை போகவில்லை. அஞ்சலில் வரும் பொட்டலம் முன்னைவிடப் பெருகியிருக்கிறது. பென்சில் சீவுகிறேன். நண்பகலில் வெள்ளரிக்காயோ கொய்யாவோ நறுக்குகிறேன். எவருடைய சட்டையிலோ நீட்டிக்கொண்டிருக்கும் நூலை அறுத்துக் கொடுக்கிறேன். ஊருக்குப் போகும்போதுதான் இதன் பெருமை முழுதும் விளங்கும். சென்னை மெயிலிலோ கோரமண்டலிலோ ஓர் இரவும் ஒரு பகலும் கடக்க வேண்டும். ஆந்திரத்தில் ஏதோ ஒரு நிலையத்தில் மாம்பழம் வாங்குகிறோம். பெட்டியில் எட்டுப் பேர், நான்கு மொழிகள், கத்தி ஒன்று. அதை இரவல் கேட்டு வாங்கியவர் திருப்பித் தரும்போது பழத்தில் ஒரு துண்டையும் சேர்த்துத் தருகிறார். இருபது ஆண்டுகளில் நான் அதிகம் பேரோடு பழகியது என் கல்வியாலன்று, இந்தக் கத்தியால்தான் என்றுகூடச் சொல்வேன்.

கத்தியைத் தேர்ந்தெடுப்பது பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். வாங்கப் போகும் கத்தியை வைத்தே வாங்குகிறவன் உள்ளத்தை ஓரளவு அளந்துவிடலாம். அலகின் நீளம் தன் உள்ளங்கையின் அகலத்தை மீறத் தேவையில்லை, மூன்றங்குலம் போதும். அதற்கு மேல் நீளும் ஒவ்வோர் அங்குலமும் பழத்துக்காக அன்று. எஃகிலும் இரண்டு வகை உண்டு. கரிம எஃகு எளிதில் தீட்டக்கூடியது. ஆனால் எலுமிச்சை பட்டால் கறுத்துவிடும், ஆனி ஆடியில் இவ்வூர்க் காற்றில் இருக்கும் ஈரத்துக்கு இரண்டே நாளில் துருவேறும். துருப்பிடிக்காத எஃகைத் தீட்டுவதற்குப் பொறுமை வேண்டும், பராமரிப்பு குறைவு. கல்கத்தாவாசிக்கு இரண்டாவதே உகந்தது. ஒரு காலத்தில் பர்த்தமானை அடுத்த காஞ்சன்நகர்க் கத்திக்கும் கத்தரிக்கோலுக்கும் வங்கம் முழுதும் பெயர் இருந்தது. அத்தகைய கத்தி கைக்குக் கிடைத்தால் துருவைப் பொறுத்துக்கொண்டும் வைத்துக்கொள்ளலாம் என்பது என் ஆசை.

அடுத்தது மடங்கும் விதம். பழைய பேனாக்கத்தியின் முதுகில் ஒரு வில் இருக்கும். அலகை விரித்தால் வில் அதைத் தாங்கிக்கொள்ளும், ஆனால் பூட்டாது. அலகின் முதுகில் அழுத்தம் விழுந்தால் மடங்கி விரலின் மேலேயே விழும். பிரான்சு நாட்டின் சவாய்ப் பகுதியில் ஜோசப் ஒப்பினெல் என்பவர் 1890இல் உழவர்களுக்காக ஒரு கத்தியைச் செய்தார். மரப்பிடி, ஓர் அலகு, அவ்வளவுதான். அலகை நிறுத்திப் பூட்டும் வளையம் அதில் 1955இல்தான் சேர்ந்தது. ஸ்விட்சர்லாந்தின் கார்ல் எல்சனர் தம் நாட்டுப் படைக்கு 1891இல் வழங்கிய கத்தியைப் பாருங்கள். படைவீரனுக்குரிய கத்திதான், ஆனால் அதில் இருந்தவை ஓர் அலகும், தகரக் குவளையைத் திறக்கும் கருவியும், துப்பாக்கியின் திருகாணியைக் கழற்றும் முனையும், துளையிடும் ஊசியும். குத்துவதற்கு அவ்வீரனிடம் துப்பாக்கி முனையில் வேறு ஈட்டி இருந்தது! அதிகாரிகளுக்கென 1897இல் அவர் அமைத்த கத்தியில் புட்டித் தக்கையைப் பிடுங்கும் திருகும் சேர்ந்துகொண்டது. பதவி உயர்வு எங்கும் இப்படித்தான் போலும்.

கூர்மை குறித்தும் ஒரு தவறான எண்ணம் உலவுகிறது. மழுங்கிய கத்தி பாதுகாப்பானது என்று பலர் நினைக்கிறார்கள். மழுங்கிய கத்தியை அழுத்த வேண்டியிருக்கிறது, அழுத்தும்போது வழுக்குகிறது, வழுக்கியது கையில் ஏறுகிறது. நன்கு சாணை பிடித்த கத்தி சொன்ன இடத்தில் நிற்கும். எங்கள் சந்துக்கு முன்பெல்லாம் சாணைக்காரர் ஒருவர் மிதிசக்கரத்தைத் தோளில் சுமந்து வருவார். கத்தியைக் கொடுத்துவிட்டுக் குழந்தைகள் பொறி பறப்பதைப் பார்த்து நிற்பார்கள். இப்போது அத்தகையவர்களைக் காண்பது அரிதாகிவிட்டது.

இவற்றுக்கெல்லாம் நேர் மாறான மடக்குக் கத்தி ஒன்றும் நம் நாட்டில் உண்டு. உத்தரப் பிரதேசத்து ராம்பூரில் செய்யப்படும் ராம்பூரிக் கத்தி. இந்தித் திரைப்படத்துத் தீயவர்கள் கையில் அது விரியும்போது எழும் ஓசையைக் கேட்டே ஒரு தலைமுறை வளர்ந்தது. அதன் செய்நேர்த்தியை நான் குறைத்துப் பேசவில்லை. அக்கம்மியர்கள் திறமையானவர்கள். கட்டுப்பாடுகளால் அத்தொழில் நலிந்த பிறகு, 2023இல் ராம்பூர் நகரில் சுமார் இருபதடி உயரக் கத்தியொன்றை நாற்சந்தியில் நினைவுச் சின்னமாக நிறுத்தினார்கள். ஆயினும் அக்கத்தியின் புகழ் எதனால் வந்தது? அது விரியும் ஓசையால். பழம் நறுக்குகிறவனுக்கு ஓசை எதற்கு? ஓசை எதிரே நிற்பவனுக்காக.

சட்டம் இவ்வேறுபாட்டைத் தன்னால் இயன்ற வழியில் அளக்க முயல்கிறது. 1959ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டத்தின் கீழ் 2016இல் வந்த விதிகள், ஒன்பதங்குலத்துக்கு மேல் நீளமோ இரண்டங்குலத்துக்கு மேல் அகலமோ உடைய அலகுள்ள கத்திகளைப் படைக்கலங்களோடு சேர்க்கின்றன. வீட்டுக்கும் வேளாண்மைக்கும் அறிவியலுக்கும் தொழிலுக்கும் என அமைந்தவற்றை விலக்குகின்றன. நீளத்தை அளக்க அளவுகோல் இருக்கிறது. எதற்காக அமைந்தது என்பதையும் வடிவத்தைப் பார்த்து ஒருவாறு சொல்லலாம். எதற்காகச் சுமக்கப்படுகிறது என்பதை எந்த அளவுகோலால் அளப்பது? தொழுத கைக்குள்ளும் படைக்கலம் ஒளிந்திருக்கலாம் என்று வள்ளுவர் கூடாநட்பு அதிகாரத்தில் எச்சரிக்கிறார். கைகூப்புவதைப் போன்ற மென்மையான செயல் வேறில்லை. அதற்குள்ளேயே இரும்பு இருக்கலாம் எனின், மூன்றங்குலம் என்ற அளவு மட்டும் எவனையும் நல்லவனாக்கிவிடாது.

ஆதலால்தான் நம் பெரியோர் கத்திக்கென்று சில ஒழுக்கங்களை வகுத்தார்கள் என்று தோன்றுகிறது. கத்தியை ஒருவர் கையில் கொடுக்கும்போது பிடி அவர் பக்கம் இருக்க வேண்டும். அரிவாள்மணையை விட்டு எழும்போது அதைப் படுக்க வைத்துவிட்டே எழ வேண்டும். வங்காளிகளின் 'பொண்ட்டி'யும் நம் அரிவாள்மணையும் உடன்பிறப்புகள். அங்கும் இதே கட்டளை. கூர்மையை மறைத்து வைப்பது வஞ்சகம். கூர்மையைத் தன் பக்கம் வைத்துக்கொண்டு பிடியைப் பிறருக்குக் கொடுப்பது பண்பாடு. வங்காளத் திருமணத்தில் மணமகன் கையில் 'ஜாந்தி' என்னும் பாக்குவெட்டியை ஏந்தி வருவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். இரும்பு தீங்கை விலக்கும் என்ற பழைய நம்பிக்கையாக இருக்கலாம். எனினும், இல்லறம் புகுகிறவன் கையில் வாளைக் கொடுக்காமல், விருந்தினருக்குப் பாக்குச் சீவும் கருவியைக் கொடுத்தார்களே, அதில் எனக்கொரு மகிழ்ச்சி உண்டு.

சீக்கியப் பெருமக்களின் கிர்ப்பானையும் இங்கே எண்ண வேண்டும். நம் பவானிப்பூரில் அவர்களோடு அடுத்தடுத்து வாழ்கிறோம். கிர்ப்பானை அணிவதும் சுமப்பதும் அவர்கள் சமய ஒழுக்கத்தில் அடங்கும் என்று நம் அரசியலமைப்பின் 25ஆம் உறுப்பே விளக்கம் சொல்கிறது. நாள்தோறும் கூர்மையைச் சுமக்கும் ஒரு சமுதாயம், அக்கூர்மையைக் கடமையின் நினைவூட்டலாக ஆக்கிக்கொண்டிருக்கிறது. என் பேனாக்கத்திக்கு அத்தகைய உயர்வு கிடையாது. ஆனால் கருவி ஒன்று, சுமப்பவன் அதைக் கொண்ட முறையால் பொருள் மாறுகிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

இவ்வளவு தெளிவாக எண்ணியிருந்தவனுக்குச் சென்ற ஆண்டு வீட்டிலேயே ஒரு சோதனை வந்தது. என் மகள் படிப்பை முடித்துவிட்டு ஐந்தாம் செக்டாரில் ஒரு கணினி நிறுவனத்தில் சேர்ந்திருக்கிறாள். சில நாள் அவள் திரும்ப இரவு பத்தரை ஆகிவிடும். காளிகாட் மெட்ரோவில் இறங்கி வீட்டுக்கு நடக்க வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் கேட்டாள்: "அப்பா, உங்களிடம் இருப்பது போல் எனக்கும் ஒரு கத்தி வாங்கித் தருகிறீர்களா?"

மகிழ்ந்து போனேன். என் பழக்கம் அடுத்த தலைமுறைக்கும் செல்கிறது என்று எண்ணி, "பழம் நறுக்கவா, அம்மா?" என்று கேட்டேன். "பழம் நறுக்க இல்லை, அப்பா" என்றாள்.

தேவைக்காகச் சுமக்கும் கத்தி வேறு, அச்சத்துக்காகச் சுமக்கும் கத்தி வேறு என்பது நான் நெடுநாள் கொண்டிருந்த கொள்கை. தேவைக்காகச் சுமப்பவன் அடுத்த பழத்தை எதிர்பார்க்கிறான். அச்சத்துக்காகச் சுமப்பவன் அடுத்த பகைவனை எதிர்பார்க்கிறான். எதிர்பார்ப்பவன் கண்ணுக்கு வருகிறவர் எல்லாம் பகைவராகவே தெரிவர். நெஞ்சுரம் இல்லாதவருக்கு வாளால் என்ன பயன் என்று கேட்டவரும் வள்ளுவரே. இவற்றை எல்லாம் அவளிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள். பிறகு சொன்னாள்: "நீங்கள் இருபது வருடமாகக் கத்தி வைத்திருக்கிறீர்கள். ஒரு நாளாவது, பின்னால் வருகிற காலடி ஓசையை எண்ணிக்கொண்டு நடந்திருக்கிறீர்களா? பயமே இல்லாதவர்களுக்குப் பயத்தைப் பற்றிக் கொள்கை வைத்திருப்பது சுலபம்."

அதற்கு என்னிடம் விடை இல்லை. பிளேட்டோவின் 'குடியரசு' நூலின் முதற்பகுதியில் சாக்ரடீசு ஒரு வினா எழுப்புகிறார். நண்பன் ஒருவன் தெளிந்த மனநிலையில் ஒரு படைக்கலத்தை நம்மிடம் அடைக்கலமாகக் கொடுத்துவிட்டு, பித்துப் பிடித்த நிலையில் திரும்பக் கேட்டால் கொடுப்பது அறமா? கொடுக்கலாகாது என்று எல்லாரும் உடனே ஒப்புகிறார்கள். கேட்பவன் பித்தன் என்பது தெளிவாக இருக்கும்போது விடை எளிது. கேட்பவள் முழுத் தெளிவோடு இருந்து, பித்துப் பிடித்திருப்பது தெருவுக்கு என்றால்? சாக்ரடீசு அதைக் கேட்கவில்லை.

தில்லிக் கொடுமைக்குப் பிறகு, 2013 சனவரியில், மும்பையில் ஓர் அரசியல் கட்சி பெண்களுக்கு மூன்றங்குலக் கத்திகளை வழங்கியது. அன்று நாளிதழில் படித்து நான் சினந்தேன். காவல் செய்ய வேண்டியவர்கள் கடமையைக் கத்தியாக மடித்து அவள் பையிலேயே போட்டுவிடுகிறார்களே என்பது என் சினம். இன்றும் அச்சினம் எனக்கு மாறவில்லை. 2024 ஆகஸ்டு 14ஆம் நாள் நள்ளிரவில், ஆர். ஜி. கர் மருத்துவமனையில் பெண் மருத்துவர் ஒருவர் கொல்லப்பட்டதைக் கண்டித்து, இந்நகரத்துப் பெண்கள் தெருத்தெருவாகத் திரண்டார்கள். என் மனைவியும் மகளும் அக்கூட்டத்தில் நின்றார்கள். அவர்கள் கைகளில் விளக்குகள் இருந்தன, கத்தி இல்லை. "அன்று மட்டும் எனக்குப் பயமே தோன்றவில்லை" என்று மகள் பிறகு சொன்னதுண்டு. அந்த ஓர் இரவு தெரு நிறைந்திருந்தது. மற்ற இரவுகளில் அவள் அதே தெருவில் தனியாக நடக்கிறாள்.

கருவியின் உண்மையையும் நான் அவளுக்கு மறைக்க விரும்பவில்லை. பேனாக்கத்தியை விரிக்க இரண்டு கையும் நகமும் வேண்டும். நடுங்கும் கைக்கு அது விரியாது. விரிந்தாலும் பூட்டில்லாத அலகு குத்தும்போது தன் விரலையே அறுக்கும். வலியவன் பறித்துக்கொண்டால் அது அவன் கத்தியாகிவிடும். இவற்றை என் கத்தியைக் கையில் கொடுத்தே காட்டினேன். மும்முறை முயன்று, மூன்றாம் முறை நகம் உடைந்து, "இது எனக்கு உதவாதுதான்" என்று அவளே சிரித்தாள். ஆனால் கோரிக்கையை விடவில்லை. "உதவாவிட்டாலும் இருக்கட்டும், அப்பா. பைக்குள் கையை விட்டால் எதையாவது பிடித்துக்கொள்ள வேண்டும்."

வாங்கிக் கொடுத்தேன். இரண்டரை அங்குல அலகு, சிவப்புப் பிடி. கொள்கை தோற்றதா என்று கேட்டால், அச்சத்துக்காகச் சுமக்கும் கத்தி நல்லதன்று என்றே இன்றும் சொல்வேன். அந்தக் குற்றத்தை அவள் கணக்கில் மட்டும் எழுத மாட்டேன். இப்போது பத்தரை மணி நாட்களில் நான் மெட்ரோ வாயிலில் போய் நிற்கிறேன். அங்கே நிற்கும் தகப்பன் நான் ஒருவன் அல்லன். வங்காளி, பீகாரி, மார்வாரி என்று நாலைந்து பேர் நாள்தோறும் நிற்கிறோம். ஒருவர் வராவிட்டால் மற்றவர் அவர் பெண்ணையும் சேர்த்து அழைத்துச் செல்கிறோம். எங்களுக்குள் பெயர்கூட முழுதாகத் தெரியாது.

சென்ற மாதம், நிலையம் ஒன்றில் பையைச் சோதிக்கும் பொறியில் அவள் கத்தி தென்பட்டதாம். காவலர் வெளியே எடுக்கச் சொன்னார். உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டு, "இது எதற்கு?" என்று வங்காளத்தில் கேட்டார். "கொய்யாப்பழம் நறுக்க" என்று இவள் சொன்னாளாம். அவர் மடித்து, பிடியை இவள் பக்கம் திருப்பி நீட்டியிருக்கிறார். இதை அவள் என்னிடம் சொன்னபோது, அலகின் ஓரத்தில் கொய்யா விதையொன்று ஒட்டியிருந்ததைக் கண்டேன். காவலரிடம் சொன்னது எந்த அளவுக்கு உண்மை என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.